யார் செலவில் இலவசம்?

கணினியில் இசை செய்பவர்கள் தங்கள் பாட்டை இலவசமாகவே கொடுத்துவிட வேண்டும் என்ற கருத்து இப்போது ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டது. வீட்டு அறையில் லேப்டாப்பும் கீபோர்டும் வைத்து டிராக் செய்யும் இளைஞர்களிடம் நண்பர்கள் இதைச் சொல்கிறார்கள், திருவிழாக் கமிட்டிக்காரர்கள் சொல்கிறார்கள், மேடை ஏறிவிட்ட மூத்த கலைஞர்களும் சொல்கிறார்கள். “மொதல்ல ஃப்ரீயா குடு, பேர் வரட்டும், காசு தானா வரும்.” படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்: டிஜிட்டல் கோப்பைப் பிரதியெடுக்கச் செலவே இல்லை, ஆகவே அதற்கு விலை வைப்பது நியாயமில்லை, இசை எல்லோருக்கும் பொது. இரண்டையும் நான் மறுக்கிறேன். இந்தக் கருத்து தவறானது. அதோடு, இசைத் தொழிலில் கடைசியில் நிற்பவர் தலையில் முழுச் செலவையும் ஏற்றிவிடும் அநியாயமும்கூட.

எலக்ட்ரானிக் இசை என்றதும் பெர்லின் கிளப்பையும் கோவா கடற்கரையையும் நினைப்பவர்கள் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பக்கம் வர வேண்டும். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகை நாட்களில் இந்தச் சாலை முழுக்கக் காவடிதான். நடந்து வருகிறவர்கள், வேனில் வருகிறவர்கள், டிராக்டரில் வருகிறவர்கள் என ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு ஸ்பீக்கர் வரும். பம்பையையும் உடுக்கையையும் சாம்பிளாக வெட்டி, அடியில் கனமான பேஸ் டிரம் கொடுத்து, மேலே சிந்தசைசரில் ஒரு நாதஸ்வர இழையை ஓடவிட்டுச் செய்த முருகன் பாட்டுகள் அதில் ஒலிக்கும். அதே மெட்டுக்குத் தெலுங்கில் சொல் போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் ஜாத்திரைகளுக்கும் ஆகும். என் கணிப்பில், தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் பெருங்கூட்டமாகக் கூடிக் கேட்கும் எலக்ட்ரானிக் இசை இதுதான். இதைச் செய்தவர் பெயர் அந்தச் சாலையில் நடக்கும் ஒருவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு விழாவின் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பந்தல், சீரியல் செட், ஜெனரேட்டருக்கு டீசல், பேனர், பூ, அன்னதானச் சமையல், சவுண்டு சர்வீஸ் என எல்லாவற்றுக்கும் ஒரு தொகை எழுதியிருக்கும். சிலருக்கு முன்பணமே கொடுத்திருப்பார்கள். ஸ்பீக்கர் வாடகை உண்டு. அந்த ஸ்பீக்கருக்குள்ளிருந்து வரும் சத்தத்தைச் செய்தவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கேட்டால், “சாமி காரியம்தானே” என்பார்கள். டீசல் விற்றவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பிரதியெடுக்கச் செலவில்லை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரதிக்குச் செலவில்லை என்பது உண்மைதான். செய்வதற்குச் செலவு உண்டு. கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர், மென்பொருள், கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மனிதனின் பல வருஷத்து இரவுகள். பிரதிக்குச் செலவில்லாத பொருள் பாட்டு மட்டும் அல்ல. எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களும் டிஜிட்டல் கோப்புகள்தான். அவற்றை விலைக்குத்தான் விற்கிறார்கள். பாட்டை இறக்கும் டேட்டாவுக்கு ஜியோவும் ஏர்டெல்லும் காசு வாங்குகின்றன. கொஞ்சநாள் முன்புவரை பேருந்து நிலையத்து செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தர விலை வாங்கினார்கள். ஏற்றும் வேலைக்குக் கூலி இருந்தது, ஏற்றப்பட்ட பாட்டுக்கு இல்லை. கோப்புக்கு விலை கூடாது என்ற தத்துவம் இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியிடம் மட்டும் வந்து நிற்கிறது. அதை நான் தத்துவமாக ஏற்க மாட்டேன்.

“இசை தெய்வீகமானது, விற்கக் கூடாது” என்பவர்கள் திருத்தணியைச் சுற்றி அதிகம். அவர்கள் கையில் ஒரு பெரிய பெயரும் இருக்கிறது: முத்துசுவாமி தீட்சிதர். திருத்தணி மலையில் முருகன் முதியவராக வந்து தீட்சிதர் வாயில் கற்கண்டு இட்டார், அங்கேயே மாயாமாளவகௌளையில் முதல் கிருதி பிறந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. குருகுக என்ற அவர் முத்திரையும் அந்த முருகனுடையதுதான். தீட்சிதர் காசுக்கா பாடினார் என்று கேட்கிறார்கள். தீட்சிதர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தந்தை ராமஸ்வாமி தீட்சிதரைச் சென்னைக்கு அருகே மணலியில் வைத்து ஆதரித்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு எட்டயபுரம் சமஸ்தானம் இடம் கொடுத்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். அந்தக் கிருதிகள் இன்று நம் கைக்கு வரக் காரணமான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைச் சுப்பராம தீட்சிதர் 1904இல் அச்சிட்டதும் எட்டயபுரம் ஜமீன் ஆதரவில். கேட்டவர்களுக்கு அந்த இசை இலவசமாகக் கிடைத்தது, சரி. செய்தவர்களின் அடுப்பு எரிய வேறொருவர் பொறுப்பேற்றிருந்தார். அந்தப் பொறுப்பை ஏற்க இன்று மணலி முதலியாரும் இல்லை, எட்டயபுரம் ஜமீனும் இல்லை. ஆதரவை மட்டும் உருவி எடுத்துவிட்டு இலவசத்தை மட்டும் வைத்துக்கொள்வது தீட்சிதர் வழி ஆகாது.

இந்தச் சாலையில் இருந்த சத்திரங்களும் அப்படித்தான் நடந்தன. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடந்த யாத்ரீகர்களுக்குச் சத்திரத்தில் சோறு இலவசம். ஆனால் அதற்காக யாரோ நிலம் எழுதி வைத்தார்கள். அந்த நிலத்து விளைச்சலில் அரிசி வந்தது, சமைத்தவருக்குக் கூலி போனது. சமையல்காரரே தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஊருக்குப் பொங்கிப் போட வேண்டும் என்று எந்த தர்மகர்த்தாவும் சொன்னதில்லை. இன்று கணினி இசைஞரிடம் அதைத்தான் சொல்கிறார்கள்.

தமிழர்களுக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத முன்மாதிரி என்று அதை நான் பெருமையோடு சொல்வேன். 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புகளைப் பொதுச்சொத்தாக்கியது. பாடல்களின் இசைப்பதிவு உரிமை அப்போது ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களைப் பயன்படுத்தி வெற்றி கண்டிருந்த அவர், அந்த உரிமையைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். வசதி உள்ளவர் சும்மா கொடுத்தார்; வறுமையில் வாடிய குடும்பத்திடம் சும்மா கொடு என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பின்னும் தமிழ்நாடு அரசு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து வருகிறது. படைப்பு மக்களுக்கு இலவசம், படைத்தவர் வீட்டுக்கு ஈடு. பொதுவுடைமை பேசும் நண்பர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

அடுத்தது, பெயர் வரும் என்ற வாக்குறுதி. இதற்கு இரண்டு வெளிநாட்டு உதாரணங்கள் தவறாமல் வரும். ரேடியோஹெட் குழு 2007 அக்டோபரில் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை, விரும்பிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. நைன் இன்ச் நெயில்ஸ் 2008 மார்ச்சில் ‘கோஸ்ட்ஸ்’ தொகுப்பை இலவசப் பகிர்வுக்கு விட்டது. இரண்டும் நடந்தவைதான். ரேடியோஹெட்டுக்கு அது ஏழாவது ஆல்பம்; முந்தைய ஆறையும் ஒரு பெரிய நிறுவனம் உலகம் முழுக்க விளம்பரம் செய்து விற்றிருந்தது. நைன் இன்ச் நெயில்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர் அப்போது ஏறக்குறைய இருபது வருஷமாகப் புகழில் இருந்தவர். அவர் அந்தத் தொகுப்பின் 36 துண்டுகளில் 9ஐத்தான் தன் தளத்தில் இலவசமாக வைத்தார். முழுத் தொகுப்பு 5 டாலர். கையெழுத்திட்ட பெட்டிப் பதிப்பு 300 டாலர். 2500 பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன. அதிலேயே ஏழரை லட்சம் டாலர். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையோடுதான் பகிர்வுக்கும் விட்டார். அதனால் 2019இல் ‘ஓல்ட் டவுன் ரோடு’ என்ற பாட்டு அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து உலகப் புகழ் பெற்றபோது, ரெஸ்னரின் பெயரும் அவர் கூட்டாளி ஆட்டிகஸ் ராஸின் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் சேர்ந்தன. அவர் உரிமையை ஒருபோதும் கைவிடவில்லை. அவரைக் காட்டி, பெயரே இல்லாத ஒருவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்வது என்ன நியாயம்?

நம் ஊர் உதாரணம் ‘கொலவெறி’. 2011 நவம்பரில் யூடியூபில் இலவசமாகக் கிடைத்தது, அனிருத்தை ஒரே வாரத்தில் நாடறியச் செய்தது. ஆனால் அது சோனி மியூசிக் வெளியிட்ட, ‘3’ படத்துக்கான பாட்டு. அந்த இலவசம் படத்துக்கான விளம்பரச் செலவு. அதை ஏற்க ஒரு தயாரிப்பாளரும் ஒரு நிறுவனமும் இருந்தார்கள். ஹிப்ஹாப் தமிழா ‘கிளப்புல மப்புல’ மூலம் இணையத்தில் பெயர் பெற்றதும் உண்மை. அவர்களுக்கும் காசு கொடுத்தது சினிமா. 2015இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைத்தார்கள். இசையை இலவசமாகக் கொடுத்து ஏறும் ஏணி சினிமாவில்தான் போய் முடிகிறது என்றால், சினிமாவுக்குப் போக விரும்பாதவர், சினிமா கூப்பிடாதவர் கதி என்ன? அவர்கள்தானே பெரும்பான்மை?

பெயர் வந்தால் காசு வரும் என்பதற்கு எதிரான சாட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைவிடப் பெயர் வாங்கிய தனிப்பாடல் தமிழில் இல்லை. கோடிக்கணக்கான பார்வைகள், உலகம் முழுக்கப் பேச்சு. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகப் பேசினார்: தனக்கோ, பாடிய தீக்கோ அறிவுக்கோ அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை என்றார். வெளியிட்ட மாஜா நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைச் சொன்னது. அந்தக் கணக்கு வழக்கைத் தீர்ப்பது என் வேலை அல்ல. நான் கேட்பது ஒன்றுதான். திரையுலகில் நிலைபெற்ற ஓர் இசையமைப்பாளரே, நாடு முழுக்கப் பாடிய ஒரு பாட்டுக்குப் பணம் கேட்டுப் பொதுவெளிக்கு வர வேண்டியிருந்தது. அவருக்கே தானாக வராத காசு, திருத்தணிப் பக்கத்தில் கிருத்திகைப் பாட்டு செய்யும் பையனுக்கு எந்த வழியாகத் தானாக வரும்? உழைத்துத் தோட்டம் போட்டும் நிலமற்றுப் போன தலைமுறையைப் பற்றிய பாட்டுக்கு இது நேர்ந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பரவுவதே இலவசத்தால்தான் என்பதும் பொய். சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து இசைத்தட்டாக்கினார். பிற்பாடு அமெரிக்காவில் ஆசிட் ஹவுஸ் என்று பெயர் பெற்ற இசையை அதே ரோலண்டு கருவிகளில் சில வருஷம் முன்பே மும்பையில் செய்திருந்தார். இசைத்தட்டு விற்கவில்லை, மறந்துபோனது. நெதர்லாந்தில் இருந்து ஒரு சேகரிப்பாளர் அதைக் கண்டுபிடித்து, மும்பையில் அவரைத் தேடி வந்து, 2010இல் தன் செலவில் மறுபதிப்பு போட்டார். எழுபது வயதுக்குப் பிறகு சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். அவர் இசையைப் பரப்பியது ஒருவர் போட்ட பணமும் உழைப்பும்.

யூடியூபில் போட்டால் விளம்பரப் பணம் வருமே என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குதாரர் திட்டத்தில் விளம்பரப் பங்கு பெற 1000 சந்தாதாரர் வேண்டும், போதிய பார்வை நேரம் வேண்டும். சேராதவர்கள் வீடியோவிலும் விளம்பரம் போட்டுக்கொள்ள 2020-21இல் யூடியூப் விதியை மாற்றிக்கொண்டது; அந்த விளம்பரத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குப் பணம் தருவதில்லை. இலவசமாகக் கொடு என்ற உபதேசத்தை நம்புகிறவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது இதிலேயே தெரிகிறது. பக்தருக்குக் கொடுப்பதாக நினைத்து கூகுளுக்குக் கொடுக்கிறார்.

இனி சட்டம். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்குகளில் பாட்டையோ ஒலிப்பதிவையோ ஒலிக்கவிடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம். அரசு விழாக்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் கமிட்டி மீது யாரும் வழக்கு போடக் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிற்றூரில் செய்த எலக்ட்ரானிக் இசை எங்கே ஒலிக்கிறது? கோயில் விழாவில், கல்யாண ஊர்வலத்தில். அதைச் செய்தவருடைய சந்தை முழுவதையும் சட்டம் ஏற்கெனவே சமூகத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டது. சென்னை நட்சத்திர ஹோட்டலில் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமத் தொகை வசூலிக்க அமைப்பு உண்டு. காவடிக்கு முன்னால் ஒலிக்கும் பாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அவரிடம் இன்னும் இலவசமாகக் கொடு என்று கேட்பவர்கள், அவர் இதுவரை கொடுத்ததைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அதே சட்டம் வேறொன்றையும் சொல்கிறது. 1977இல் உச்ச நீதிமன்றம், கூலிக்கு அமர்த்தி இசையமைக்க வைத்தால் திரைப்படத் தயாரிப்பாளரே அந்த இசையின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. இசைஞர்கள் முப்பத்தைந்து வருஷம் அந்தத் தீர்ப்பின் கீழ் வாழ்ந்தார்கள். 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு என்றது. அந்தப் பங்கை உரிமை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது. நாடாளுமன்றம் ஏன் அப்படிச் செய்தது? வாய்ப்புக்காகக் காத்திருப்பவர் எதையும் விட்டுக்கொடுத்துவிடுவார் என்பதை அது புரிந்துகொண்டது. அவர் சம்மதித்தார் என்பது போதாது. அந்தச் சம்மதம் எந்த நிலையில் வாங்கப்பட்டது என்பது முக்கியம். ‘ஃப்ரீயா குடு, அடுத்த வேலை உனக்குத்தான்’ என்று கேட்டு வாங்கும் சம்மதமும் அதே வகைதான்.

பாட்டை இலவசமாக விட்டுக் கச்சேரியில் சம்பாதிக்கலாம் என்ற யோசனை பாடகருக்குப் பொருந்தலாம். புரோகிராமிங் செய்பவருக்கு மேடையே கிடையாது. மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டும் ரிதம் பேடும் வாசித்துப் பிழைத்தவர்களின் இடத்தையே இப்போது பதிவு செய்த டிராக்கும் டிஜேயும் எடுத்துக்கொண்டுவிட்டன. அந்தப் பழைய வாசிப்பாளர்களில் பலர்தான் இன்று அறையில் உட்கார்ந்து டிராக் செய்கிறார்கள். கச்சேரி போய்த்தான் டிராக் வந்தது. டிராக்கைக் கொடுத்துவிட்டுக் கச்சேரிக்குப் போ என்றால் அவர் எங்கே போவார்?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். “இந்த இசைஞர் பயன்படுத்தும் பம்பை யாருடையது? பறை யாருடையது? காவடிச் சிந்தின் மெட்டு யாருடையது? ஊரிலிருந்து சும்மா எடுத்தவர் ஊருக்குச் சும்மா கொடுத்தால் என்ன?” பம்பைக்காரர் ஒருவரை ஒரு மதியம் வரவழைத்து, பத்துப் பதினைந்து அடிகளைப் பதிவு செய்துவிட்டு, அதை வைத்தே பல வருஷம் பாட்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறுதான். அந்தத் தவறுக்கு இலவசம் பரிகாரம் ஆகாது. வாசித்தவருக்கும் உரிமை உண்டு என்று 1994 திருத்தம் சொன்னது, 2012 அதை வலுப்படுத்தியது. அந்தப் பம்பைக்காரருக்குப் பங்கு போக வேண்டுமானால் பங்கு போட முதலில் ஒரு தொகை வர வேண்டும். கடைசிக் கையில் இலவசம் என்று முடிவானால், அதற்கு முந்தைய எல்லாக் கைகளுக்கும் அதே முடிவுதான். டிராக் செய்தவருக்கு ஒன்றும் கொடுக்காத ஊர், அவர் பின்னால் நிற்கும் பம்பைக்காரருக்கு என்ன கொடுத்துவிடப் போகிறது? கலையை மக்களுக்குத் திருப்பித் தருவது என்றால் அந்தக் கலையைச் சுமந்த குடும்பங்களுக்குக் காசாகத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும்: “நீங்களே திருட்டு மென்பொருளில்தானே செய்கிறீர்கள்?” பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், மறுக்கவில்லை. தன் உழைப்புக்கு விலை கேட்பவர் பிறர் உழைப்புக்கும் கொடுக்கத்தான் வேண்டும். முடியாதவர்களுக்கு எல்எம்எம்எஸ், ஆர்டர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஆர்டர் நல்ல பாடம். அதன் மூல நிரல் யாருக்கும் திறந்தே இருக்கிறது. நிறுவத் தயாரான வடிவம் வேண்டுமென்றால் ஒரு சிறு தொகை கேட்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஊறியவர்களே தங்கள் உழைப்புக்குக் கூலி கேட்க வெட்கப்படவில்லை.

தானாக விரும்பிக் கொடுக்கும் கொடையை நான் எதிர்க்கவில்லை. ஒருவர் தன் பாட்டைப் பொதுவில் விட விரும்பினால் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஒருவர் ஒரு பாட்டைச் செய்து ஊருக்குக் கொடுத்தால் அதை வணங்கி வாங்கிக்கொள்வேன். கொடை கொடுப்பவரின் முடிவாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் அதைக் கடமை என்று அறிவிக்கும்போது அது கொடை அல்லாமல் போகிறது.

இசை செய்யும் இளைஞர்களுக்கு: பாட்டைக் கொடுக்கும்போது உங்கள் பெயர், தேதி, எந்தப் பயன்பாட்டுக்கு, என்ன தொகைக்கு என்று ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். உரிமத் தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். பம்பை வாசித்தவர் பெயரையும் அந்தத் தாளில் சேருங்கள். விழாக் கமிட்டிகளுக்கு: சட்டம் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வரும் ஆடிக் கிருத்திகைக்குச் செலவுக் கணக்கு எழுதும்போது, சவுண்டு சர்வீஸ் என்று எழுதிய வரிக்குக் கீழே டிராக் செய்தவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். விழா நோட்டீஸில் அவர் பெயரையும் போடுங்கள்.